ஓகேயின் தாய்வீடு

அன்று காலை மாசிலாமணி எழுந்து பல் துலக்கி முடிப்பதற்குள் அவர் வீட்டுச் சுவர் அவரிடம் ஏழெட்டு முறை அனுமதி கேட்டுவிட்டது. விடியலைத் தொடங்கட்டுமா என்றது. ஓகே என்றார். கூரையெங்கும் இளஞ்சிவப்பு வெளிச்சம் படர்ந்தது. நேற்றைய வியர்வையிலிருந்து வடித்த தண்ணீரில் காப்பி போடட்டுமா என்றது. ஓகே. மூச்சுக்காற்றில் இன்று மல்லிகை மணமா, மழை நனைத்த மண் மணமா என்றது. இதற்கு மட்டும் ஓகே என்று பதில் சொல்ல முடியாதே என்று நீங்கள் நினைக்கலாம். அவர் இதற்கும் ஓகே என்றுதான் சொன்னார். சுவர் இரண்டையும் கலந்து விட்டது. வீடு முழுக்க மல்லிகைத் தோட்டத்தில் எருமை புரண்ட மாதிரி ஒரு வாசனை.

"நான் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இந்த மனுஷன் ஒரு கேள்வியையாவது முழுசாக் கேட்டாரான்னா இல்ல" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள் அவர் மனைவி மங்கையர்க்கரசி.

மாசிலாமணிக்கு அது காதில் விழவில்லை. அவர் மண்டைக்குள் அப்போது ஒரே ஒரு விஷயம்தான் குடைந்துகொண்டிருந்தது. மகள் செந்தாழையின் கல்யாணம்.

செவ்வூர் என்பது செவ்வாய்க் கிரகத்து மண்ணுக்கு அடியில் குடைந்த ஊர். பூமியின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவரவர் அவரவர் மொழியிலேயே பேசிக்கொள்ளலாம். காதுக்குள் அரிசியளவு கருவி ஒன்று பதித்திருக்கும். அதற்குச் செவிப்பூ என்று பெயர். எதிரே இருப்பவர் எந்த மொழியில் வாயைத் திறந்தாலும் அது நம் மொழியில் வந்து விழும். தமிழ்ச் செவிப்பூவுக்குக் குரல் கொடுத்துப் பழக்கியவர் பொள்ளாச்சிக்காரர். அதனால் கிரேக்கர், பின்லாந்துக்காரர், செனகல்காரர் எல்லாருமே மாசிலாமணியிடம் கோயமுத்தூர்த் தமிழில்தான் பேசினார்கள். அவருக்கு அது பழகிவிட்டது.

ஒரே ஒரு சொல்லைத்தான் செவிப்பூவால் மொழிபெயர்க்க முடியவில்லை. யார் சொன்னாலும் அது அப்படியே, சொன்ன மேனிக்கு வந்து விழுந்தது. ஓகே. எல்லா மொழியிலும் அது இருந்தது. எந்த மொழியின் சொல் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு வருவோம். மாப்பிள்ளை கிள்ளி, வியாழனைச் சுற்றும் யூரோப்பாவில் பனிப் பொறியாளர். யூரோப்பாக்காரர்கள் என்றால் செவ்வூரில் ஒரு மரியாதை. ஊர் முழுக்கப் பனிக்கட்டி, தண்ணீருக்குப் பஞ்சமே இல்லாதவர்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணீரில் குளிப்பார்களாம். அப்படிப்பட்ட இடத்திலிருந்து சம்பந்தம் வந்த மிதப்பில், பேச்சு முடிவான அன்றே மாசிலாமணி வாயை விட்டுவிட்டார். "கல்யாணத்தைக் கண்ணாடிக் கூடத்துல வச்சுக்கலாம் சம்பந்தி. அதெல்லாம் நம்ம கையிலதான்."

கண்ணாடிக் கூடம் யார் கையிலும் இல்லை. செவ்வூரில் தரைக்கு மேலே தலைநீட்டும் ஒரே கட்டடம் அது. அண்ணாந்தால் வானம் தெரியும், இரண்டு நிலாவும் தெரியும். அதை எந்த மொழிக்காரருக்குக் கொடுப்பது என்று அடித்துக்கொண்டதில், ஊரை நிர்வகிக்கும் இயந்திரமான நடுவன் அதைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. காற்றுக்குழாய்ப் பராமரிப்பு அதிகாரியும் தமிழ்ச் சங்கத்தின் செயலாளருமான மாசிலாமணிக்கு இது நன்றாகவே தெரியும்.

முகூர்த்தம் நெருங்கவும், பொய் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. ஒரு நாள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு சம்பந்தி அம்மாள் காந்திமதிக்குச் செய்தி அனுப்பினார். கூடத்தில் சின்னச் சிக்கல், தண்ணீர் இறைக்கும் அறைக்குப் பக்கத்தில் விசாலமான கிடங்கு ஒன்று இருக்கிறது, அலங்காரம் பண்ணினால் தெரியவே தெரியாது என்று நீட்டி முழக்கிச் சொன்னார். யூரோப்பாவுக்கு வானொலியலை போய்த் திரும்ப ஒரு பொழுது ஆகும். அவரும் மங்கையர்க்கரசியும் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் பதில் வந்தது.

"ஓகே."

அவ்வளவுதான். முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை.

"சரின்னுட்டாங்க!" என்று துள்ளினார் மாசிலாமணி.

"எங்க, இன்னொரு தரம் போடுங்க." மங்கையர்க்கரசி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இன்னொரு தரம் போடச் சொன்னாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இது சரிங்கற ஓகே இல்லீங்க. அப்படியா சேதிங்கற ஓகே."

அவள் சொன்னதுதான் சரி. மறுநாள் காலை இரண்டாவது செய்தி வந்தது. "கூடம்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. கிடங்குலதான் கல்யாணம்னா எங்க கப்பல் கிளம்பாது" என்று காந்திமதி பளிச்சென்று சொல்லிவிட்டாள். செந்தாழை சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்குக் கிடங்கானால் என்ன, குழாய்க்குள்ளானால் என்ன, கிள்ளி வந்தால் போதும். ஆனால் கப்பல் கிளம்பினால்தானே கிள்ளி வருவான்? மாசிலாமணி அந்தக் கதவுக்கு வெளியே நின்று, "அப்பா பாத்துக்கறேம்மா" என்றார். எதைப் பார்த்துக்கொள்வது என்று அவருக்கே தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் நடுவனின் அறிவிப்பு வந்தது. செவிப்பூவின் சொற்களஞ்சியத்தில் ஓகே ஒன்றுதான் தாயில்லாப் பிள்ளையாக இருக்கிறது. அது தம் மொழியில் பிறந்தது என்று நிலைநாட்டுவோருக்குக் கண்ணாடிக் கூடம் ஓராண்டுக்கு ஒப்படைக்கப்படும். "இதற்கான நிபந்தனைகள் வருமாறு" என்று நடுவன் தொடர்ந்தபோது மாசிலாமணி அங்கே இல்லை. சங்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

ஒரு சொல் தமிழில் பிறந்தது என்று நிரூபிப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதா என்ன? செவ்வூர்த் தமிழ்ச் சங்கம் வாரத்துக்கு ஒரு சொல் வீதம் உலக மொழிகள் எல்லாவற்றையும் ஒரு சுற்று வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டிருந்தது. மாசிலாமணி அகராதியைப் புரட்டிய வேகத்தில் கிடைத்துவிட்டது. ஓகை! உவகையின் திரிபு. மகிழ்ச்சி என்று பொருள்.

"மகிழ்ச்சியா இருந்தா என்ன சொல்லுவோம்? ஓகை! அதுதான் கப்பலேறி மேற்க போய் ஓகே ஆயிடுச்சு."

"எந்தக் கப்பல்னு கேட்டா?" என்றாள் மங்கையர்க்கரசி.

"பழைய கப்பல்னு சொல்லுவேன்."

விசாரணை அன்று ஊரே கூடிவிட்டது. முதலில் கிரேக்கர் எழுந்தார். "எங்க பாசையில ஓலா கலான்னா எல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தமுங்க. சரக்குப் பொட்டி மேல மாலுமிக எழுதுவாங்கொ. அதுதானுங்க இது." அமெரிக்கப் பழங்குடியான சோக்டாக்களின் பிரதிநிதி, தங்கள் பேச்சில் 'அப்படித்தான்' என்பதற்கு இருந்த சொல்லே இது என்றார். செனகல்காரர், ஆமாம் என்பதற்குத் தங்கள் முன்னோர் சொன்ன 'வாவ் கே'யை அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் கொண்டுபோனார்கள் என்று சொன்னபோது கூட்டம் கொஞ்சம் அமைதியாயிற்று. ஸ்காட்லாந்துக்காரர் ஒரு இருமலைப் போன்ற சொல்லை இருமிக் காட்டினார். பின்லாந்துக்காரர் தம் பங்குக்கு ஒன்று சொன்னார். ஹைத்தியில் நல்ல சாராயத்துக்குப் பேர்போன ஒரு துறைமுகத்தின் பெயர் அது என்றார் இன்னொருவர். அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

மாசிலாமணி தம் ஓகையை அவிழ்த்துவிட்டார். எந்தக் கப்பல் என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பழைய கப்பல் இருந்தது.

கடைசியாக ஹெப்சிபா எழுந்தாள். பாஸ்டன் வழிவந்தவள். மாசிலாமணியின் எதிர்வீட்டுக்காரி, அதிகம் பேசமாட்டாள். "நான் சாட்சி மட்டுந்தானுங்க சொல்ல வந்தேன்" என்றாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. வேண்டுமென்றே தப்பாக எழுதி, அதையும் சுருக்கி, முதலெழுத்தை மட்டும் போடுவார்கள். 'எல்லாம் சரி' என்பதை அப்படித் தப்புத்தப்பாக எழுதிச் சுருக்கினதுதான் ஓகே. மறு வருடமே ஒரு தேர்தல் வந்தது. ஒரு வேட்பாளருக்குச் சொந்த ஊரை வைத்து வந்த பட்டப்பெயருக்கும் அதே முதலெழுத்துகள் பொருந்த, கட்சிக்காரர்கள் அதைத் தெருத்தெருவாகக் கத்தி உலகம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். பழைய பத்திரிகையின் படத்தையும் அவள் காட்டினாள்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. உலகமே சொல்லும் சொல் ஒரு பத்திரிகைக் கிண்டலில் பிறந்ததாம்!

நடுவன் சிரிக்கவில்லை. "சான்று வலுவாக உள்ளது. நீங்கள் உரிமை கோருகிறீர்களா?"

"இல்லீங்க. நமக்கு வேண்டாமுங்க" என்று சொல்லி ஹெப்சிபா உட்கார்ந்துவிட்டாள்.

நடுவன் சற்று நேரம் யோசித்தது. நமக்குச் சற்று நேரம் என்பது அதற்கு ஒரு யுகம். "பெற்றவர் கோரவில்லை. கோரும் மற்றவர்களிடம் சான்று போதவில்லை. ஆகவே வளர்த்தவர் யார் என்று பார்ப்போம். இந்தச் சொல்லை உங்களில் யார் அதிக விதமாகப் பயன்படுத்துகிறீர்கள்?"

மற்றவர்கள் நாலைந்து பொருள் சொல்லி உட்கார்ந்தார்கள். மாசிலாமணி வேட்டியை இறுக்கிக்கொண்டு நடுவே வந்தார்.

"சாப்பாடு எப்படின்னு கேட்டா ஓகேம்போம், உப்பில்லைன்னு அர்த்தம். ஓகே, வைக்கறேன்னா போயிட்டு வரேன்னு அர்த்தம். ஓகேவான்னா புரிஞ்சுதா. ஓகே ஓகேன்னு ரெண்டு தரம் சொன்னா, போதும் நிறுத்து. வரன் ஓகே ஆயிடுச்சுன்னா நிச்சயம் முடிஞ்சுது. ஓகே பண்ணிட்டாங்கன்னா மேலதிகாரி கையெழுத்துப் போட்டாச்சு. சண்டை நடுவுல பொண்டாட்டி ஓகேன்னா, ஐயா, நாம அன்னிக்கு வெளியில சாப்பிட்டுக்கணும்." கூட்டம் கைதட்டத் தொடங்கியது. அவர் கையை உயர்த்தினார். "இப்ப இதைக் கேளுங்க." காந்திமதி அனுப்பிய அந்த ஒற்றைச் சொல்லை ஒலிக்கவிட்டார்.

நடுவன் அதை மறுபடி மறுபடி ஆராய்ந்தது. "இதன் பொருளை என்னால் கணிக்க முடியவில்லை" என்று ஒப்புக்கொண்டது.

"எங்களுக்கு முடியும்!" என்று முழங்கினார் மாசிலாமணி. வாய்க்கு வந்த வேகத்தில் மேலும் சொன்னார்: "ஐயா, வேத்து மொழிக்குப் போன சொல்லு, கட்டிக்குடுத்த பொண்ணு மாதிரி. எந்த ஊருல வாழ்ந்தாலும் அவளுக்குத் தாய்வீடு நாங்கதான்! நல்லது கெட்டது எதுக்கும் எங்க வாசலுக்குத்தான் வரணும்!"

"ஏற்றுக்கொள்கிறேன்" என்றது நடுவன். "ஓகேயின் தாய்வீடு தமிழ். தாய்வீட்டின் கடமைகள் வருமாறு. முதலாவது—"

சங்கத்துக்காரர்கள் விசிலடித்தார்கள். யாரோ மாசிலாமணியைத் தோளில் தூக்கிவிட்டார்கள். "ஓகே! ஓகே! ஓகே!" என்று மேலேயிருந்து கத்தினார் அவர். நடுவன் அதைப் பதிவு செய்துகொண்டது.

கப்பல் கிளம்பியது. வந்தும் சேர்ந்தது. முகூர்த்த நாளன்று கண்ணாடிக் கூடத்தின் மேலே இரண்டு நிலாக்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. செயற்கைத் தோட்டத்து வாழைகள் வாசலில் கட்டியிருந்தன. செந்தாழையும் கிள்ளியும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையில் மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொன்னாலும் கடைசியில் அதை மெய்யாக்கிவிட்டோமே என்று நெஞ்சு நிமிர்ந்தது.

கூட்டம் வந்துகொண்டே இருந்தது. மாசிலாமணி அழைத்தவர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகும் வந்துகொண்டே இருந்தது. வாசலைத் தாண்டிச் சுரங்கப்பாதை வளைவு வரைக்கும் வரிசை நின்றது.

"உள்ளூர்ல உங்களுக்கு இத்தனை செல்வாக்கா சம்பந்தி!" காந்திமதியின் முகம் பூரித்துப் போயிற்று. "எங்க யூரோப்பாவுல கவர்னர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு சனம் கிடையாது."

மாசிலாமணி அசடு வழியச் சிரித்துவிட்டு வாசலுக்கு விரைந்தார். வரிசையின் தலையில் ஒரு சுரங்கத் தொழிலாளி நின்றார்.

"ஏனுங்க, ஓகேயோட பொறந்த வூடு இதுங்களா?"

"ஆமா... நீங்க?"

"தூக்கக் கலக்கத்துல சொவரு என்னமோ கேட்டுச்சுங்க. ஓகேன்னுட்டன். பாத்தா, புளூட்டோவுக்குப் போறதா ஒத்துக்கிட்டனாமா! உங்கூட்டுச் சொல்லுதானுங்க என்னைக் கெடுத்துது. ஒரு நாயம் சொல்லோணும்."

அவருக்குப் பின்னால் நின்ற பெண்மணி, நாத்தனார் நாலு நாள் தங்கட்டுமா என்று கேட்டபோது ஓகே சொன்னவள். நாத்தனார் இன்னும் கிளம்பவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றவர், விடுமுறை நாளிலும் வேலைக்கு வருவாயா என்று மேலாளர் கேட்டதற்கு ஓகே சொன்னவர். இன்னொருவர் தலைமுடி பச்சையாக இருந்தது. எப்படி என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

மாசிலாமணி ஓட்டமாக ஓடி, கூடத்தின் மூலையில் இருந்த நடுவனின் தூணைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, என்ன இது? என் பொண்ணு கல்யாணம்!"

"வாழ்த்துகள். ஆனால் கூடத்தை எதற்குக் கொடுத்தேன் என்று நினைத்தீர்கள்? புகார்க்காரர்கள் உட்கார இடம் வேண்டாமா? கட்டிக்கொடுத்த பெண் ஏதும் செய்துவிட்டால் தாய்வீட்டில்தான் கேட்பார்கள் என்பது உங்கள் வழக்கம். வருகிற யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. சாப்பிடாமல் அனுப்பக் கூடாது. ஒவ்வொரு புகாரையும் குறுக்கே பேசாமல் முடியும்வரை கேட்க வேண்டும். அன்றே வாசித்தேன். நீங்கள் மூன்று முறை ஓகே சொன்னீர்கள்."

மாசிலாமணி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை பேருக்குச் சாப்பாடு எங்கே போவது? நடுப் பந்தியில் சோறு தீர்ந்தால் சம்பந்தி அம்மாள் என்ன சொல்லுவாள்? விருந்தினர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஹெப்சிபாவிடம் பாய்ந்தார். "அம்மா, அது உங்க ஊர்ச் சொல்லுதாம்மா! பத்திரிகையெல்லாம் காட்டினீங்களே! தயவு பண்ணி எடுத்துக்குங்க!"

"வேண்டாமுங்க" என்றாள் ஹெப்சிபா இதமாக. "நானு அன்னைக்கு அறிவிப்ப முழுசாக் கேட்டனுங்க."

கிரேக்கரிடம் போனார். "எங்க ஓலா கலா வேறைங்க, அது வேறைங்க" என்று கிரேக்கர் நகர்ந்துகொண்டார். ஸ்காட்லாந்துக்காரர் நிஜமாகவே இருமினார்.

அவரைக் காப்பாற்றியது காந்திமதிதான். அவள் செவிப்பூ யூரோப்பாவில் வாங்கியது. செவ்வூர்ப் பேச்சு அதில் பாதிதான் விழுந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் தன் மகனை வாழ்த்த வந்தவர்கள் என்றே நினைத்தாள். "இலை பத்தலையா? அட, இதுக்கா முழிக்கிறீங்க? கப்பல்ல திரும்பிப் போறதுக்கு வச்ச சாமான் அத்தனையும் இறக்கச் சொல்றேன். ஒருத்தர்கூட பசியோட போகக் கூடாது சம்பந்தி. நம்ம கௌரவம் என்னாறது?" கப்பலிலிருந்து மூட்டைகள் இறங்கின, தண்ணீர்ப் பீப்பாய்கள் இறங்கின. புளூட்டோவுக்கு ஓகே சொன்ன அந்தப் புளூட்டோக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சொம்பு தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டுப் புகாரைச் சற்று நேரம் மறந்தே போனார். மாசிலாமணிக்கு மூச்சு வந்தது.

தாலி கட்டி முடிந்ததும் பதிவுச் சடங்கு. செவ்வூரில் கல்யாணத்தைப் பதிவதும் நடுவன்தான்.

"மணமக்களே, திருமண ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை வாசிக்கிறேன். வாசித்து முடிக்க நெடுநேரம் ஆகும். அமைதியாகக் கேளுங்கள். முதலாவது—"

செந்தாழை கிள்ளியைப் பார்த்தாள். கிள்ளி செந்தாழையைப் பார்த்தான்.

"கேட்டுட்டுச் சொல்லுங்கடா கண்ணுகளா!" என்று மாசிலாமணி கத்தினார். வாழ்க்கையில் அவர் யாரையும் எதையும் கேட்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. மேளச் சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை.

"ஓகே!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

கூடம் அதிர்ந்தது. அதிகமாகக் கைதட்டியவர்கள் புகார் வரிசையில் நின்றவர்கள்தான். பச்சைத் தலைக்காரர் ஆனந்தத்தில் அழுதே விட்டார். "பதிந்துகொண்டேன்" என்றது நடுவன்.

பந்தி முடிந்து சனம் மறுபடி வரிசைக்குத் திரும்பியது. மாசிலாமணி மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தார். வேறு வழி? முதல் ஆளைக் கூப்பிட நிமிர்ந்தபோது, பட்டுச்சேலையை ஒதுக்கிக்கொண்டு மங்கையர்க்கரசி வரிசையைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீ எங்க இங்க? சம்பந்திக்கு வெத்தலை பாக்கு குடுத்தாச்சா?"

அவள் புளூட்டோக்காரரிடம் திரும்பினாள். "இதுல கடைசி ஆள் யாருங்க? நானும் ஒரு ஓகே சொல்லியிருக்கேன். ரொம்ப வருஷம் ஆச்சு. இவரைக் கட்டிக்கறியான்னு எங்கப்பா கேட்டப்போ சொன்னது."

புளூட்டோக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மாசிலாமணியைப் பார்த்தார். "நீங்க முன்னால போங்கம்மணி. என்னுது அத்தனை அவசரமில்லீங்க" என்று வழிவிட்டார்.

மங்கையர்க்கரசி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள். மாசிலாமணி வாயைத் திறந்தார். தூணிலிருந்து நடுவன், குறுக்கே பேசக் கூடாது என்று நினைவூட்டியது. அவர் வாயை மூடிக்கொண்டு கேட்கத் தொடங்கினார்.